எதிர் மாடியில் கற்ற குங்ஃபூ

சுனாமி வந்துபோய் இரண்டு வருடம் கழித்து, ஒரு பிப்ரவரி மாதம். இடம், புதுச்சேரியில் உப்பளம் என்கிற பகுதியில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட ஹால். பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு குங்ஃபூ கிளப்பும் எங்கள் ஊர் கிளப்புகளும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி நடத்துவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் காலை ஒத்திகை. அந்த ஒத்திகையில் பத்தே நிமிடத்தில் என் மானம் போயிற்று. பிறகு திரும்பி வந்தது, ஆனால் போன வழியாக வரவில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தை ஒட்டிய மீனவர் குப்பம் எங்களுடையது. அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். நான் சென்னையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாலு வருடம் சட்டை தைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் கடற்கரை மணலில் பெண்களுக்கு குங்ஃபூ சொல்லிக்கொடுப்பேன். ஆறு பேர் வந்தார்கள். கறுப்பு பாப்ளினில் எல்லோருக்கும் யூனிஃபார்ம் நானே தைத்தேன். குப்பத்தில் சிரிக்காத ஆள் இல்லை. "மீன்காரிக்கு எதுக்குடி சண்டை? வாய் போதாதா?" என்று கேட்டவர்களும் உண்டு. அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் அடுத்த வருடமே தன் மகளைக் கொண்டுவந்து விட்டார் என்பது வேறு விஷயம்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று யார் கேட்டாலும், மெட்ராஸில் ஒரு மாஸ்டரிடம் என்று சொல்வேன். அது பாதிப் பொய். மாஸ்டர் இருந்தது உண்மை. நான் ஒருத்தி இருந்தது அவருக்குத் தெரியாது.

நான் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலுக்கு எதிர்க் கட்டிடத்து மொட்டை மாடியில் தினமும் காலையில் குங்ஃபூ வகுப்பு நடக்கும். ஆசையாகப் போய்க் கேட்டேன். "லேடீஸ்க்கு இல்லம்மா" என்று சொல்லி ஒருவர் கதவைச் சாத்தினார். வாசலில் நின்று கெஞ்சவில்லை. அழவும் இல்லை. எனக்கு வந்தது கோபம்தான். மறுநாளிலிருந்து எங்கள் ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அவர்கள் செய்ததையெல்லாம் நானும் செய்தேன். பையன்கள் மூன்று வரிசையாக என் பக்கம் முகம் காட்டி நிற்பார்கள். மாஸ்டர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே அதட்டுவார். அந்த அதட்டலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டு முட்டியை இன்னும் மடக்குவேன். ஈரப் புடவை முகத்தில் அடிக்கும். ஹாஸ்டல் வார்டன் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார். மூன்று வருடம் லீவு போடாமல் போன ஒரே வகுப்பு அதுதான்.

ஊருக்கு வந்த பிறகு மற்ற கிளப்புகளோடு நான் ஒட்டவே இல்லை. திமிர் என்று நினைத்தார்கள். திமிரும் இருந்தது, பயமும் இருந்தது. பக்கத்தில் போனால் உன் மாஸ்டர் யார் என்று கேட்பார்களே.

அப்படி ஒதுங்கியிருந்த என்னை அவர்களே கூப்பிட வேண்டிய நிலை வந்தது. விருந்தாளிகள் ஒரு ஆசையைச் சொல்லியிருந்தார்கள். நிகழ்ச்சியின் கடைசியில் அவர்கள் கிளப் பெண் ஒருவரும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவரும் சேர்ந்து ஒரு ஃபார்ம் செய்துகாட்ட வேண்டும். ஃபார்ம் என்பது அடி, தடுப்பு, உதை எல்லாவற்றையும் ஒரு தொடராகக் கோத்து வைத்த பாடம். அவர்கள் கேட்டது எல்லாக் கிளப்பிலும் முதலில் சொல்லிக்கொடுக்கும் ஃபார்ம். ஊரில் பெண் மாஸ்டர் என்று நான் ஒருத்திதான் இருந்தேன். ஏற்பாடு செய்த பெரிய கிளப்பின் மாஸ்டருக்கு என்னைப் பிடிக்காது, ஆனாலும் வேறு வழியில்லை. அழைப்பு வந்த அன்று ராத்திரி நாங்கள் ஏழு பேரும் தூங்கவில்லை. அந்த மேடையில் ஏறி இறங்கிவிட்டால், மணலில் குதிக்கிற மீன்காரிகள் என்ற பேச்சு அதோடு ஓயும் என்று நம்பினோம்.

வந்தவர்கள் பத்துப் பேர். பெரும்பாலும் வியட்நாமின் சைகோனிலிருந்து பாரீஸுக்குப் போன சீனக் குடும்பங்கள். புதுச்சேரியில் சைகோன் என்று சொன்னால் யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள், பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே வேலைக்குப் போனவர்கள் அவ்வளவு பேர், பாதித் தெருவில் ஒரு சைகோன் கதை இருக்கும். மொழிபெயர்க்க, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பத்து மதாம் ஒருவர் வந்திருந்தார். எதற்கெடுத்தாலும் பிரெஞ்சில் "அலோர்", அதாவது "அப்போ", என்று ஆரம்பிப்பார். என்னோடு ஃபார்ம் செய்ய வேண்டிய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பாரீஸில் லாண்டரி வைத்திருப்பதாக மதாம் சொன்னார். கையைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் வெடித்த கை. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

ஒத்திகை வணக்கத்தோடு ஆரம்பித்தது. ஒரு கையை முஷ்டியாக்கி, மறு கையால் அதைப் பொத்தி, நெஞ்சுக்கு முன்னால் நீட்ட வேண்டும். நாங்கள் ஏழு பேரும் விருந்தாளிகளுக்கு எதிரே நின்று, இடது கையை முஷ்டியாக்கி வலது கையால் பொத்தி, ஜம்மென்று வணங்கினோம்.

அவர்கள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. லாண்டரி அம்மா எங்களையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலை விட்டு வெளியே போனார்.

பெரிய கிளப் மாஸ்டர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். "இன்னாம்மா இது, எழவு வூட்டுக் கும்பிடு போடுற? வலது கைதான் முஷ்டி, இடது கையால பொத்தணும். மாத்திப் பொத்துனா செத்தவங்களுக்கும்மா!" என்றார். அதோடு விடவில்லை. ஃபார்மைச் செய்துகாட்டச் சொன்னார். செய்தேன். பத்து அசைவு முடிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். வலது கை போக வேண்டிய இடத்தில் என் இடது கை போனது. இடது கால் போக வேண்டிய இடத்தில் வலது கால். அத்தனையும் கை மாறி, கால் மாறி இருந்தது.

எதிர் மாடியில் என்னைப் பார்த்து நின்றவர்களைக் கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்துக் கற்றால் வேறு எப்படி வரும்? அவர்கள் வலது கையை நீட்டும்போது நேர் எதிரே இருந்த என் இடது கையை நான் நீட்டியிருக்கிறேன். மூன்று வருடம் கற்று, நாலு வருடம் அதையே சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

"யாரு உன் மாஸ்டர்? பேரச் சொல்லு" என்று மைக்கிலேயே கேட்டார். அப்போது மதாம் என் காதருகில் வந்து, "அலோர், அந்தம்மாவோட அப்பா போயி மூணு மாசந்தான் ஆவுது. அவருதான் இந்தக் கிளப்ப ஆரம்பிச்சவரு. நீங்க கும்புட்டதும் தாங்கல" என்றார். கல்யாண வீட்டில் போய் மாரடித்து ஒப்பாரி வைத்தவள் மாதிரி நின்றேன்.

"நாளைக்கு நீ ஆடியன்ஸ்ல உக்காந்துக்கோ. எங்க பையன் ஒருத்தன் செய்யட்டும். பாண்டிச்சேரி மானம் போயிடும்" என்று பெரிய கிளப் மாஸ்டர் முடித்தார்.

என் ஆறு பேரில் ஒருத்தி மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டுபவள். அவள் முன்னால் வந்து, "இன்னா மாஸ்டர், இடது கையில குத்துனா வலிக்காதா? வாங்க, ஒண்ணு வெச்சிப் பாத்துடலாம்" என்றாள். ஹாலே சிரித்தது. இந்த முறை சிரிப்பு எங்களைப் பார்த்து இல்லை. வளைந்திருந்த என் முதுகு அந்தச் சிரிப்பில் நிமிர்ந்தது.

பொய்யை இதற்கு மேல் கட்டிக்கொண்டு அழ எனக்கு இஷ்டமில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னேன். "எனக்கு மாஸ்டர் யாரும் கெடயாது. பொம்பளன்னு கதவச் சாத்துனாங்க. எதிர் மாடியில நின்னு பாத்துக் கத்துக்கிட்டேன். அதான் கை மாறிப்போச்சு. கும்பிட்டது தப்பு, அதுக்கு அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன். கத்துக்கிட்டதுக்கு யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்." என் பெண்களுக்கும் அது அன்றுதான் தெரியும். அவர்களைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் வெளியே நடந்தேன்.

லாண்டரி அம்மா வராண்டா படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மதாமை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொடிகள், ஈரப் புடவை, சாத்தின கதவு எதையும் விடவில்லை. அவர் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த மாடி உங்களிடமிருந்து எவ்வளவு தூரம்?

"இங்கேருந்து அந்த கேட்டு வரைக்கும் இருக்கும்" என்று கையைக் காட்டினேன். காட்டும்போதே எனக்குப் பொறி தட்டியது. எழுந்து நேராக கேட் வரைக்கும் நடந்தேன். அங்கே நின்று அவரைப் பார்த்துத் திரும்பி, முட்டியை மடக்கி, ஃபார்மின் முதல் நிலையில் நின்றேன். மதாம் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. லாண்டரி அம்மா படியிலிருந்து இறங்கி, புடவைத் தலைப்பைச் செருகுவதுபோல் சட்டையைக் கால்சராயில் செருகிக்கொண்டு, எனக்கு நேரே நின்றார்.

இரண்டு பேரும் ஆரம்பித்தோம். அவருடைய வலது கை வந்தபோது என் இடது கை போனது. அவர் திரும்பிய பக்கமே நானும் திரும்பினேன். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நெருங்கி நெருங்கி, முடிக்கும்போது எங்களுக்கு நடுவே இரண்டு முழம்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் வராண்டாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் ஆறு பேரும் எல்லோருக்கும் முன்னால்.

பெரிய கிளப் மாஸ்டர் மட்டும் விடவில்லை. "நல்லாத்தான் கீது. ஆனா இது முறை இல்லியே" என்றார்.

"உள்ள போயி கத்துக்கிட்டவங்ககிட்ட முறையக் கேளுங்க மாஸ்டர். என்ன வெளியதான நிக்க வெச்சாங்க" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் லாண்டரி அம்மா மதாமிடம் ஏதோ சொன்னார். மதாம் திரும்பி, "நாளைக்கு இவங்ககூடத்தான் செய்வாங்களாம். இதே மாதிரி எதிர எதிர நின்னு" என்றார். விருந்தாளியே சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்?

மறுநாள் காலை, குளிக்கும்போதும் அடுப்படியிலும் தையல் மெஷின் முன்னாலும் வலது கை வணக்கத்தைப் பழகினேன். ஏழு வருடப் பழக்கம், கை தானாக இடதுக்கே போனது. பழைய சீன வழக்கத்தில் பெண்கள் நாங்கள் செய்த மாதிரி இடது கையைத்தான் முஷ்டியாக்குவார்கள் என்று ஊர்க் கிளப்காரர் ஒருவர் அன்று வந்து சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். எனக்கு அந்த வழி வேண்டாம் என்று தோன்றியது. என்ன நியாயம் இருந்தாலும் ஒரு மனுஷி என் கும்பிட்டைப் பார்த்து அழுதுகொண்டு போனது போனதுதானே.

சாயங்காலம் நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன், லாண்டரி அம்மா தன் அப்பாவின் படத்தை மேடையோரம் ஒரு ஸ்டூலில் வைத்தார். வஞ்சிரம் வெட்டுபவள் மார்க்கெட்டிலிருந்து ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தாள். படத்துக்குப் போட்டோம். லாண்டரி அம்மா என்னைப் பார்த்தார். தன் இடது கையை முஷ்டியாக்கி, வலது கையால் பொத்திக் காட்டி, படத்தின் பக்கம் தலையை அசைத்தார். எங்களையும் சேர்ந்து செய்யச் சொல்கிறார் என்று புரிந்தது. ஏழு பேரும் அவரோடு நின்று அந்தப் பெரியவருக்கு இடது கை வணக்கம் செய்தோம். எங்கள் கை பழகியிருந்த வணக்கம் அன்றைக்குத்தான் போக வேண்டிய இடத்துக்குப் போனது. லாண்டரி அம்மாவும் அழுதார், நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

கடைசி ஐட்டம் எங்களுடையது. மேடையின் இரண்டு கோடியிலிருந்து ஆரம்பித்து நடுவில் வந்து முடித்தோம். அப்படித்தான் யோசித்து அமைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். என் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து, மார்க்கெட்டில் கூவுகிற குரலில் கத்தினார். முடித்ததும் வலது கையை முஷ்டியாக்கி, இடது கையால் பொத்தி, லாண்டரி அம்மாவை வணங்கினேன். கை கொஞ்சம் தடுமாறியது. அவர் அதைக் கவனித்துச் சிரித்துவிட்டார்.

இன்றைக்கும் எங்கள் கிளப்பில் ஃபார்மை முதலில் இடது பக்கம்தான் சொல்லிக்கொடுக்கிறேன், பிறகு வலது பக்கம். இரண்டு பக்கமும் தெரிந்தவளை அடிப்பது கஷ்டம். புதிதாகச் சேருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்டால் எதிர் மாடியின் கதையைச் சொல்கிறேன், மாஸ்டர் பெயர் கேட்டால் கிடையாது என்கிறேன். கதவைச் சாத்தினவர்களைப் பார்த்துக் கற்றதை என் கையிலேயே வைத்துக்கொண்டேன், யாருக்காகவும் மாற்றமாட்டேன். எதிரில் நிற்பவருக்குச் செய்கிற வணக்கத்தை மட்டும் அவருடைய மனம் நோகாத கையில் செய்கிறேன்.