தண்டு ஒன்று, தண்ணீர் நான்கு கோப்பை

1976 ஜனவரி 16, வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மெல்பேர்ன் பகல் ரயில் சிட்னி சென்ட்ரலை விட்டுப் புறப்பட்டது. தூரம் 960 கிலோமீற்றர். பயண நேரம் பதின்மூன்று மணி. என் பையில் மாற்றுடை மூன்று, குறிப்புப் புத்தகம், செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் பாற்பொருள் ஆய்வுகூடத்தில் பழசென்று கழித்த ஒரு சிறிய தராசு.

கோல்பர்னுக்கு அப்பால் புல் முழுவதும் வைக்கோல் நிறம். எதிரே கம்பளி பின்னிக்கொண்டிருந்த பெண்மணி பையின் வாயில் தெரிந்த தராசைப் பார்த்து, "நகை வியாபாரமா?" என்று கேட்டார்.

"இல்லை. என் அக்காவின் கணவர் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார் என்று நிறுக்க."

அவர் பின்னலை நிறுத்தினார். "அவ்வளவு கொஞ்சமா?"

அவ்வளவு கொஞ்சம்தான். மூன்று வாரங்களுக்கு முன் அத்தானுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை. குளிர்ந்ததும் வழுக்கிச் செல்வதுமான உணவுதான் இறங்கும் என்று ஆஸ்பத்திரியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஜெலி கொடுத்தார்கள். அது மாட்டெலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பிறந்ததிலிருந்து சைவமான அத்தான் அதைத் தொடவில்லை. பாலை மட்டும் குடித்தார். பிறகு அதுவும் வெறுத்து, அளவு குறைந்தது. அறுபத்துநான்கு கிலோ இருந்தவர் ஐம்பத்தேழுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை நிறுக்கும்போது இன்னும் குறைந்திருந்தால், மறுபடி சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போடுவோம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வெட்டுக்குப் பயப்படாத மனிதர் அந்தக் குழாய்க்குப் பயந்தார்.

சனிக்கிழமை. அக்கா வீடு மெல்பேர்ன் புறநகரான மல்கிரேவில். புதிதாகக் கட்டிய செங்கல் வீடுகள், மரங்கள் இன்னும் இடுப்பளவு. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மியோகோ வந்தார். கோபேயில் பிறந்தவர், ஆஸ்திரேலியர் ஒருவரை மணந்து இங்கே இருபது வருடம். அத்தான் ஏன் ஜெலி சாப்பிடுவதில்லை என்று நான் விளக்கியதும், தன் வீட்டுக்குப் போய், வெள்ளையாக, பஞ்சு போல இலேசாக இருந்த மூன்று நீளத் தண்டுகளுடன் திரும்பினார்.

"இதில் எலும்பு இல்லை. கடற்பாசி. நாங்கள் இதில்தான் பலகாரம் செய்வோம். இந்த மூன்றுதான் இருக்கிறது. இனி ஊரிலிருந்து என் தங்கையின் பார்சல் வர ஒரு மாதமாகும்."

முகர்ந்து பார்த்தேன். பாலிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்க்க ஆய்வுகூடத்தில் நான் தினமும் உருக்கித் தட்டுகளில் ஊற்றும் அகார்!

"இது எனக்குத் தெரியும். என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றேன்.

எங்கள் ஆய்வுகூடக் கணக்கு லீற்றருக்குப் பதினைந்து கிராம். தராசில் ஒரு தண்டு ஏழரை கிராம் காட்டியது. ஆகவே இரண்டு தண்டு, ஒரு லீற்றர் தண்ணீர், சீனி. பிற்பகலில் இறுகியது. தட்டைக் கவிழ்த்தேன். விழவில்லை. ஆய்வுகூடத்தில் நல்ல தட்டு என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தான் ஒரு துண்டை வாயில் போட்டார். நாக்கில் உருட்டினார். விழுங்கியபோது கண்ணில் நீர் வந்தது; கை தொண்டைக்குப் போனது.

"பிள்ளை, இது றப்பர்" என்றார், காற்றாக வந்த குரலில்.

அக்கா விரலால் அழுத்திப் பார்த்தாள். "செருப்புக்கு அடி போடலாமடி."

அத்தான் சிரிக்கவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று மாலை பாலையும் வேண்டாம் என்றார். குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: சனி, நாற்பது கிராம்.

ஞாயிற்றுக்கிழமை. மீதம் ஒரே ஒரு தண்டு. காலையில் மியோகோ எங்கள் குசினிக்கு வந்து கவிழ்த்தபடியே இருந்த முதல்நாள் தட்டைப் பார்த்தார்.

"ஏன் கவிழ்த்தாய்?"

"விழாமல் நிற்கிறதா என்று பார்க்க."

"பலகாரத்தைக் கவிழ்த்து யார் சாப்பிடுவார்கள்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் போனாள்.

இம்முறை கணக்கு மியோகோவுடையது: தண்டு ஒன்று, தண்ணீர் நான்கு கோப்பை. பாதிச் செறிவு. தண்டைக் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, பிழிந்து, பிய்த்துப் போட்டுக் காய்ச்சினோம். முழுவதும் கரைந்த பிறகுதான் சீனி. முந்திப் போட்டால் கரையாது. அவருடைய ஊரில் சிவப்புப் பயறு சேர்ப்பார்களாம். அது இல்லாததால் அக்காவின் பயற்றம்பருப்பை அவித்து, துணியில் வடித்த விழுதைச் சேர்த்தோம். ஒரு சிட்டிகை உப்பு.

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்து மெல்லக் கிளறினோம். சூடாக ஊற்றினால் பருப்பு அடியில் தங்கிவிடும். ஆறவிட்டால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். எப்போது ஊற்றுவது என்று பார்க்க நான் புறங்கையைப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் வைத்தேன். அதே கணத்தில் மறுபக்கம் மியோகோவும் புறங்கையை வைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இப்போது" என்றார்.

"இப்போது" என்றேன்.

தேநீர்க் கோப்பைகளில் ஊற்றிக் குளிரூட்டியில் வைத்தோம். இரண்டு மணிக்கு ஒரு கோப்பையை எடுத்து மேசையில் வைத்து, மியோகோ மேசையை விரலால் தட்டினார். மேற்பரப்பு நடுங்கியது. தட்டுவதை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் நடுங்கியது.

அத்தான் கரண்டியை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"எல்லாரும் என்ரை தொண்டையையே பாத்துக்கொண்டு நிண்டால் நான் எப்பிடி விழுங்கிறது?"

நாங்கள் மூவரும் யன்னல் பக்கம் திரும்பினோம். வேலிக்கு அப்பால் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. அக்கா என் கையைப் பிடித்தாள். பிறகு கேட்டது: கோப்பையின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம்.

"இன்னும் கிடக்கோ?"

"ஓம், கிடக்கு. ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்ற அக்கா திரும்பவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குறிப்புப் புத்தகம்: ஞாயிறு, நானூற்றுப் பத்து கிராம்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரித் தராசு ஐம்பத்தேழில் நின்றது. குறையவில்லை. குழாய் வேண்டாம், அடுத்த வாரம் பார்ப்போம் என்றார் வைத்தியர். என்ன சாப்பிட்டீர்கள் என்று தாதி கேட்டார்.

"ஜெலி."

"நான் தந்தபோது மாட்டேன் என்றீர்களே!"

"அது மாடு. இது கடல்" என்றார் அத்தான், மரியாதையாக.

திரும்பும் வழியில் ஸ்பிரிங்வேலில் ஒரு சீனக் கடையில் கடற்பாசித் தண்டு இருக்கிறதா என்று விசாரித்தோம். பின் தட்டில் தூசியோடு நான்கு பொதிகள், ஒவ்வொன்றும் அறுபது சதம். நான்கையும் வாங்கினோம். இரண்டு அக்காவுக்கு, இரண்டு மியோகோவுக்குக் கடனடைப்பாக.

"அடுத்த முறை செத்தல் மிளகாய் ஒண்டு போட்டுப் பாக்க ஏலாதோ?" என்றார் அத்தான், காரின் பின் இருக்கையிலிருந்து.

"முதல்ல உங்கட தொண்டையிட்டைக் கேளுங்கோ" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை. தராசை அக்காவிடம் விட்டுவிட்டு, மெல்பேர்ன் ஸ்பென்சர் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயிலேறினேன். மியோகோ துணியால் மூடிக் கட்டிக் கொடுத்த ஒரு கோப்பை என் பையில் இருந்தது. ஆல்பரியில் வண்டி நின்றபோது மேடை வெப்பமானி முப்பத்தெட்டு பாகை காட்டியது. ஜெலட்டின் என்றால் இதற்குள் தண்ணீராகியிருக்கும்.

கோப்பையை மடியில் வைத்துத் துணியை அவிழ்த்தேன். வண்டி நகர்ந்ததும் அது நடுங்கத் தொடங்கியது. பாலத்தில் அதிகமாக, சமவெளியில் குறைவாக. உருகவும் இல்லை, உடையவும் இல்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆய்வுகூடத்தில் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்க வேண்டும். இதை நான் கவிழ்த்துப் பார்க்கவில்லை. கரண்டியை எடுத்தேன்.