சிவப்பு அப்படியே இருக்கட்டும்

"அந்தப் பேஜை எடுத்துடும்மா."

போன திங்கட்கிழமை காலை. கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவில் ஒரு முழங்கால் உள்ளே, ஒன்று வெளியே என்று தொங்கிக்கொண்டு வந்து இறங்கி, அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் ராமநாதன் சார் பக்கத்தில் வந்து நின்று சொன்ன முதல் வார்த்தையே இதுதான். குட்மார்னிங்கூடக் கிடையாது.

எந்தப் பேஜ்? சொல்கிறேன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று புரட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். விளக்குமாறு என்றால் என்னவென்று தெரிந்தால் போதும்.

நாங்கள் எழுதுவது வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கான சாஃப்ட்வேர். நோயாளியின் எடையைத் தட்டினால், மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லும். அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, டெஸ்ட் என்ற பெயரில் குட்டிக் குட்டி புரோகிராம்கள் தனியாக எழுதுவோம். டெஸ்ட் ஓடும்போது எந்த வரி வழியாகப் போனதோ அது பச்சை. போகாத வரி சிவப்பு. வீடு பெருக்கும்போது எந்த அறைக்குள் விளக்குமாறு போயிற்று, எதற்குள் போகவில்லை என்று காட்டுகிற மாதிரி. இதற்குக் கவரேஜ் என்று பெயர்.

முன்பெல்லாம் இந்த ரிசல்ட் ஒரு மூலை மெஷினில் கிடந்து தூங்கும். மாதாமாதம் ஒரே ஒரு சதவீதமாக மாறி மெயிலில் மேலே போகும். எந்த அறையில் குப்பை என்று சதவீதமா சொல்லும்? எனக்கு அது பொறுக்கவில்லை. போன வருஷம் ஒருநாள் உட்கார்ந்து, தினமும் டெஸ்ட் ஓடி முடிந்ததும் ரிசல்ட் தானாகவே ஆபீசுக்குள் ஒரு வெப் பக்கமாக வருகிற மாதிரி செய்துவிட்டேன். யாரிடமும் கேட்க வேண்டாம். பிரவுசரைத் திற, பார். ஃபைல் பெயரைக் கிளிக் செய்தால் வரிவரியாகச் சிவப்பும் பச்சையும் விரியும்.

அதிலிருந்து எங்கள் டீமுக்கு ஒரு பழக்கம். காலையில் கையில் டீயோடு முதலில் அந்தப் பக்கம்தான். யாருடைய ஃபைல் சிவந்து கிடக்கிறதோ, அவருக்கு மதியச் சாப்பாடு வரை கிண்டல். "இன்னா மச்சான், ரத்தம் கொட்டிகினு கீது, கட்டு போடலையா?" என்பான் ஒருவன். சாயங்காலத்துக்குள் கட்டுப் போட்டுவிடுவார்கள். எந்த மீட்டிங்கும் செய்யாத வேலையை அந்தக் கிண்டல் செய்தது.

ஒரே ஒரு ஃபைல் மட்டும் மாதக்கணக்கில் சிவப்பு. குழந்தைகளுக்கான மருந்து அளவு. அவசரம் அவசரமாக எழுதியது, டெஸ்ட் எழுத நேரமே கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை கஸ்டமர் வருகிறார். ராமநாதன் சாரின் கவலை அதுதான்.

"வீட்டுக்கு ஆள் வர்றப்ப அழுக்குத் துணிய வாசல்ல காயப்போடுவோமா?"

"அழுக்கை யாரும் காயப்போட மாட்டாங்க சார். துவைக்க டைம் குடுங்க, துவைச்சே போடறேன்."

"டைம் இல்லம்மா. பேஜை எடு. அப்ரைசல் வேற வருது, சம்பள உயர்வு அதுலதான்... யோசிச்சுக்கோ."

யோசித்தேன். எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை டீயோடு பக்கத்தைத் திறந்தால்... ஒரே பச்சை. குழந்தைகள் ஃபைலும் மேலிருந்து கீழ்வரை பச்சை. டீமில் ஒருவன் விசிலே அடித்தான். ராமநாதன் சார் பளிச்சென்று சிரித்தபடி வந்தார். "எடுக்க வேணாம்மா. நாளைக்கு ப்ரொஜெக்டர்ல இதைத்தான் முதல்ல காட்டப் போறோம்."

மாதக்கணக்கில் சிவந்து கிடந்தது ஒரே நாளில் பச்சையாகுமா? புதிதாகச் சேர்ந்த டெஸ்டுகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் தினகரன் எழுதியது. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறவன், கெட்டிக்காரன். ஒவ்வொரு டெஸ்டும் ஒரு வரியைக் கூப்பிடுகிறது, ஓட்டுகிறது, அத்தோடு சரி. என்ன விடை வந்தது என்று எந்த டெஸ்டும் பார்க்கவில்லை. விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லா அறைக்குள்ளும் ஒரு நடை போய்விட்டு வந்திருக்கிறான்.

"இன்னாடா இது?" என்றேன். அவன் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இன்னாக்கா பண்றது? சாரு பச்சை கேட்டாரு, குட்த்துட்டேன். நான் மட்டுமா பண்றேன், அல்லாரும்தான் பண்றாங்க."

உண்மைதான். எல்லோரும்தான் செய்கிறார்கள். அதிகாரி வருகிற அன்று மட்டும் நன்றாகப் படிக்கிற பையனை முதல் பெஞ்சுக்கு மாற்றுகிற பள்ளிக்கூடம் இல்லையா? மந்திரி கார் போகிற பக்கம் மட்டும் வெள்ளைக்கோடு போடுகிற சாலை இல்லையா? நாமெல்லாம் பச்சை கேட்கிறவர்கள், பச்சை கொடுக்கிறவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறவன்தான் விவகாரம் பிடித்தவன்.

சரி, நான் விவகாரம் பிடித்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

"தினா, ஒரே ஒரு டெஸ்ட். ஒழுங்கா எழுது. ஒரு எடை போடு. என்ன விடை வரணும்னு நீயே கணக்குப் போட்டு, வர்றதோட ஒத்துப் பாரு."

"இன்னா எடை போடறது?"

"உனக்குத் தெரிஞ்ச எந்தக் குழந்தை எடையாவது போடு."

கொஞ்சம் யோசித்தான். "எங்கக்கா பொண்ணு கொற மாசத்துல பொறந்துச்சு. தொள்ளாயிரம் கிராமுதான். ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே வச்சிருந்தாங்க. இப்ப ஸ்கூலுக்குப் போவுது, வாயாடி" என்றபடி 0.9 என்று தட்டினான்.

திரையில் வந்த மருந்தின் அளவைப் பார்த்துவிட்டு, அழித்து மறுபடி தட்டினான். அதேதான் வந்தது. அது பெரிய ஆளுக்குக் கொடுக்கிற அளவு.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. எங்கள் புரோகிராம் புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட்டது. 0.9 வெறும் பூஜ்யமானது. பூஜ்யம் என்றால் 'எடை போடவில்லை' என்று அர்த்தம் செய்துகொண்டது. எடை போடவில்லை என்றால் சராசரி பெரிய ஆளின் எடையை எடுத்துக்கொள் என்று எவரோ எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரிகள் அத்தனையும் அன்று காலை பச்சை.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். சிவப்பு எப்போதுமே உண்மை பேசும் — இங்கே யாரும் வரவில்லை என்று. பச்சை, யாரோ வந்து போனார்கள் என்று மட்டும்தான் சொல்லும். கண்ணைத் திறந்துகொண்டு வந்தார்களா என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

தினகரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தான். "அக்கா, அந்த டெஸ்ட்டெல்லாம் தூக்கிடு. நாந்தான் எழுதுனேன், நானே சொல்றேன், தூக்கிடு."

தூக்கினேன். மிச்ச டெஸ்டுகளை மறுபடி ஓட்டியதும் பக்கம் சிவந்தது. பத்து நிமிஷத்தில் ராமநாதன் சார் வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை. முகம் வெளிறித்தான் போயிற்று. ஆனாலும் கேட்டார்.

"அந்த ஒண்ணை இன்னிக்கே சரி பண்ணிடுங்க. நாளைக்கு மட்டும் பச்சையா இருக்கட்டுமே?"

"அந்த ஒண்ணைப் பண்ணியாச்சு சார். மிச்சத்துல என்ன இருக்குன்னு இன்னும் தெரியாதே?"

"அப்போ பேஜை ஆஃப் பண்ணு."

"நான் பண்ண மாட்டேன் சார். அந்த மெஷின் பாஸ்வேர்டு தரேன். நீங்களே பண்ணுங்க."

வீட்டு லோன் இருக்கிறவள் நான். ஆனாலும் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை பயந்து பயந்து பிரவுசரைத் திறந்தேன். பக்கம் அப்படியே இருந்தது. காணாமல் போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசைதான், தன் கையால் என்றால் மட்டும் யாருக்கும் விரல் வராது.

வியாழக்கிழமை. வந்தவர் ஒரு நடுத்தர வயது அம்மாள். முன்பு நர்ஸாக இருந்தவராம். ஸ்லைடுகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: குழந்தைகள் பகுதி தயாரா?

ராமநாதன் சார் வாய் திறப்பதற்குள் நான் எழுந்து ப்ரொஜெக்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, குழந்தைகள் ஃபைலைக் கிளிக் செய்தேன். சுவர் முழுக்கச் சிவப்பு. "இல்லை" என்றேன். தினகரன் எழுந்து நின்று, தன் திக்கும் இங்கிலீஷில், தொள்ளாயிரம் கிராம் கதையை ஒன்று விடாமல் சொன்னான். தான் எழுதிய வெற்று டெஸ்டுகளையும் சேர்த்து.

அந்த அம்மாள் சுவர் அருகே போய்ச் சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, இந்தப் பக்கத்தைத் தங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தும் பார்க்க முடிகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். கைதட்டல் எதுவும் இல்லை. டெலிவரியைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போனார். மேலிடத்தில் சாருக்கு நல்ல அர்ச்சனை.

எனக்கும் விழுந்தது. 'கஸ்டமர் முன்னிலையில் பக்குவம் போதாது' என்று அப்ரைசலில் எழுதியிருக்கிறார்களாம். எழுதட்டும். அந்தப் பக்குவம் எனக்கு இந்த ஜென்மத்தில் வரப் போவதில்லை. வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

நேற்று காலை ராமநாதன் சார் கையில் டீயோடு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் சிவப்பா இருக்கேம்மா" என்றார். இருக்கட்டும் சார், தெரிகிறதே, அது போதும் என்றேன். துண்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குழந்தைகள் ஃபைல் முக்கால்வாசி இன்றும் சிவப்புதான். நடுவில் கொஞ்சம் பச்சை இருக்கிறது. அதற்கு மட்டும் நான் எந்தக் கோர்ட்டிலும் ஜாமீன் நிற்பேன். அந்த டெஸ்டுக்குத் தினகரன் வைத்திருக்கிற பெயர், யாழினி — செங்கல்பட்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கிற வாயாடி.