உள்மடிப்பு

அத்தான் பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரர். அக்கா மகளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த காலையில், மருத்துவமனையில் கொடுத்த அங்கி அவள் காலைத் தடுக்கியது. அத்தான் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, விளிம்பை உள்ளே மடித்துத் தைத்தார்.

"வளர்ற புள்ள. அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்றார், பழக்க தோஷத்தில்.

"ஐயோ அப்பா, சாயங்காலமே கழட்டிக் குடுத்துடணும். அதுக்குள்ள எவ்ளோ வளந்துடப் போறேன்?"

நர்ஸும் சிரித்துவிட்டாள்.

குழந்தை உயிரோடு திரும்பவில்லை.

இப்போதெல்லாம் அத்தான் எந்தச் சிறுமியின் பாவாடையிலும் ஒரு சாண் துணியை உள்ளே விட்டே தைக்கிறார்.

"மடிப்பு இவ்ளோ கனமா இருக்கேண்ணே?" என்று தாய்மார்கள் குறைப்படுவார்கள்.

"இருக்கட்டும்மா. பிரிக்கிறப்ப புள்ளையையும் கூட்டிட்டு வா. நான் பாக்கணும்."