தெளிந்த நீரை மஞ்சளாக்கியவர்

கனகசபை சார் இறந்துவிட்ட செய்தியைக் காதர் பாய்தான் கொண்டுவந்தார். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளை மஸ்ஜித் இந்தியா தெருவிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் என் வீடு வரை மிதித்து வந்து, வாசலில் சாய்த்துவிட்டு, "சார் போய்ட்டாருப்பா," என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு சார்தான்.

வெள்ளைக்காரர் திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. அரிசியும் மருந்தும் கப்பலில் வந்துகொண்டிருப்பதாகப் பத்திரிகைகள் தினமும் எழுதுகின்றன. சாரும் அதைப் படித்துவிட்டுக் காத்திருந்தார். அவருடைய கால் வீக்கத்துக்குத்தான் பத்திரிகை படிக்கத் தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் கோலாலம்பூர் தண்ணீர் இலாகாவில் நீர்ப் பரிசோதகர். குடிநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மருந்துத் துளி விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நிறம் மாறாவிட்டால் குடிக்கலாம். மஞ்சளானால் எங்கோ அழுகல் கலந்திருக்கிறது, நீரில் அம்மோனியா இருக்கிறது என்று பொருள். நான் அதே இலாகாவில் குமாஸ்தா. அவர் பார்த்த நிறத்தை எழுதி வைப்பது என் வேலை.

ஜப்பானியர் வந்த முதல் வருடத்தில் ராணுவ முகாம் ஒன்றின் கிணற்றைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். குழாய் மஞ்சளானது. முகாமில் அன்று விருந்து. சுத்தம் என்று எழுதிக் கொடு என்றார் மேற்பார்வையாளர். சார் மறுத்தார். கன்னத்தில் அறை விழுந்தது. சார் தரையில் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குழாயை மறுபடி தூக்கிப் பார்த்தார். "இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு," என்றார்.

திரும்பும் வழியில், "ஒரு வார்த்தைதானே சார், எழுதிக் குடுத்திருக்கலாமே," என்றேன்.

"அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான்யா ஊரே தண்ணி குடிக்குது. அதுல மட்டும் கை வைக்கக் கூடாது."

வேறொருவர் எழுதிக் கொடுத்தார். முகாம் முழுவதும் வயிற்றுப்போக்கில் படுத்தது. அந்த யுத்தத்தில் எங்கள் இலாகா எதிரிக்கு உண்டாக்கிய ஒரே சேதம் அதுதான். அதிலும் சாருக்குப் பங்கில்லை.

அவருக்கு இருந்த ஒரே பித்து மீன். ரயில்வேயில் இருந்த ஆங்கிலேய எஞ்சினியர் ஒருவர் தென்னமெரிக்க ஆற்று மீன்கள் சிலவற்றைக் கப்பலில் வரவழைத்து வளர்த்தார். டிஸ்கஸ் என்று பெயர். தட்டுப்போல் வட்டமாக, உடம்பில் நீலக்கோடுகள் ஓடும். மற்ற மீனெல்லாம் அலையும், இவை நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சார் அந்தத் தொட்டி நீரைப் பரிசோதிக்கப் போவார். கோயிலுக்குப் போகிறவரைப்போல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். எஞ்சினியர் சிங்கப்பூருக்கு ஓடியபோது மனைவியையும் நாயையும் காரில் ஏற்றினார். மீன்களுக்கு இடமில்லை.

அந்த வீட்டுக்குக் குடிவந்த ஜப்பானிய மேஜருக்கும் மீன் பிடித்துவிட்டது. அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சாரையே வைத்துக்கொண்டார். பின்கட்டுப் பழைய தொட்டி அவருடைய அந்தஸ்துக்குப் போதவில்லை. கூடத்தில் ஆளுயரத்துக்குப் புதுக் கண்ணாடித் தொட்டி கட்டினார். அன்றைக்கே மீன்களை அதில் விட வேண்டும் என்றார். சார் கையெடுத்துக் கும்பிட்டு, அரைகுறை மலாயில் விளக்கினார். புதுத் தொட்டி என்பது வெறும் கண்ணாடி. மீன் விடும் கழிவு நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்னும் பாசிபோன்ற வழுவழுப்பு மணலில் படிய வேண்டும். அதற்குப் பழைய தொட்டியின் மணலைக் கொஞ்சம் கலந்து, லோங்காங்கில், அதாவது தெருச் சாக்கடையில், பிடித்த மீன்களை முதலில் விட வேண்டும். அவற்றில் பல சாகும். சாகச் சாக நீர் பழுக்கும். பழுத்தபின்தான் உயர்ந்த மீன் இறங்கலாம்.

மேஜருக்கு இது உடனே புரிந்தது. சயாமில் ரயில் பாதை போடுவதற்கும் இதே முறைதான் கையாளப்பட்டுக்கொண்டிருந்தது.

குழாய் நீரில் குளோரின் நாற்றம் என்பதால் குன்றடி ஊற்றிலிருந்து தினமும் நீர் சுமக்க ஆள் வேண்டும் என்றார் சார். மூன்று பேரைக் கேட்டார். சயாமுக்கு ஆள் பிடிக்கும் லோரிகள் பாசார் வாசலிலும் படக்கொட்டகை வாசலிலும் நின்ற காலம் அது. இலாகாவில் ஆட்குறைப்பு வந்து என் பெயர் சயாம் ரயில் பாதைப் பட்டியலுக்குப் போயிருந்தது. துணிக்கடை மூடிப்போன காதர் பாய் ஒளிந்து திரிந்தார். சாலாக் செலாத்தானில் இருந்த முனியாண்டியை ஒருமுறை லோரியிலேயே ஏற்றி, காய்ச்சல் என்று இறக்கிவிட்டிருந்தார்கள். எங்கள் மூவர் கையிலும் மேஜரின் துணிப்பட்டை ஏறியது. பட்டை இருந்தால் லோரி தொடாது.

மேஜர் நிபந்தனையையும் சொல்லிவிட்டார். டிஸ்கஸ் புதுத் தொட்டியில் இறங்கும் அன்று, தண்ணீர் சுமக்கும் மூவரும் சயாமுக்குப் புறப்படலாம்.

தினமும் காலையில் மேஜர் வந்து, "சுடா?" என்பார். ஆயிற்றா என்று அர்த்தம். சார் குழாயில் நீரெடுத்து மருந்து விடுவார். மஞ்சள். "பெலும், துவான்," என்பார். இன்னும் இல்லை, ஐயா. நாங்கள் காவடியைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போவோம்.

எனக்குச் சந்தேகம் வரவில்லை. பரிசோதித்தவர் கனகசபை சார் அல்லவா. முனியாண்டிக்குத்தான் வந்தது.

"சார், லோங்காங் மீனு குட்டி போட்டிருக்கு சார். சாவறதையும் நிறுத்திருச்சி. தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

"வாய மூடிட்டு தூக்குடா."

"இல்ல சார், எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்."

காதர் பாய் குறுக்கிட்டார். "தம்பி, உனக்கு சயாம் பாக்க ஆசையா இருந்தா தனியா போயிக்க. எங்களயும் இழுக்காதலா."

அப்போதுதான் நான் சாரின் கையைக் கவனித்தேன். குழாயைக் கலக்கும் கண்ணாடிக் குச்சியை அவர் முதலில் சட்டைப்பையில் இருந்த சிறு புட்டியில் தொட்டு எடுத்தார். பரிசோதனைச்சாலை அம்மோனியா. தெளிந்த நீர் அவர் கையில் மஞ்சளானது. அவர் என்னைப் பார்க்கவில்லை. "மஞ்சள்னு எழுதிக்கய்யா," என்றார். எழுதினேன்.

சிங்கப்பூரிலிருந்து ஜெனரல் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. மேஜர் பொறுமை இழந்தார். ஒரு காலை நாங்கள் ஊற்றிலிருந்து திரும்பியபோது டிஸ்கஸ் மீன்கள் கூடத்துத் தொட்டியில் நின்றுகொண்டிருந்தன. மேஜரே வலைபோட்டு மாற்றியிருந்தார். அவை அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை. பழுத்த நீர், விசாலமான இடம். சார் கண்ணாடிக்கு அருகே போனதும் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"மஞ்சள் என்றாயே, இவை சாகவில்லையே?" என்றார் மேஜர். "நாளைக் காலை பார்ப்போம். செத்தால் நீ சொன்னது சரி. பிழைத்தால் நீ பொய்யன். நான்கு பேரும் ரயிலேறலாம்."

அவர் விருந்துக்குப் போய்விட்டார். சார் வெகுநேரம் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். அந்தி சாயும்போது எங்களை இன்னொரு நடை ஊற்றுக்கு அனுப்பினார். "இப்ப எதுக்கு சார் தண்ணி?" என்றான் முனியாண்டி. காதர் பாய் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது கூடத்தின் ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. மூக்கைக் குத்தும் வாடை இன்னும் போகவில்லை. பரிசோதனைச்சாலையின் பெரிய புட்டி அவர் காலடியில் காலியாக இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தொட்டி தெரியாது.

"கழுவி வச்சிரு," என்று புட்டியை என்னிடம் நீட்டினார்.

காலையில் மேஜர் வந்து, ஒருக்களித்து மிதந்த மீன்களைப் பார்த்தார். பிறகு சாருக்குத் தலை குனிந்து வணங்கினார். தான் அவசரப்பட்டதாகச் சொன்னார். தோட்டத்தில் குழி வெட்டி, ஊதுபத்தி கொளுத்தி, மீன்களுக்கு முறைப்படி ஈமச்சடங்கு நடத்தினார். சயாமில் விழுந்தவர்கள் எவருக்கும் இந்த மரியாதை கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. சார் அழுதார். அதை விசுவாசம் என்று எடுத்துக்கொண்ட மேஜர் அவருக்கு ஒரு கோப்பை வெள்ளை அரிசி கொடுத்தார். சார் அதை முனியாண்டியிடம் கொடுத்துவிட்டார்.

புது மீன்கள் அனுப்பச் சொல்லி மேஜர் சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டார். ஜெனரலும் வரவில்லை, மீனும் வரவில்லை. ஆனால் தொட்டி தயாராக இருக்க வேண்டும் அல்லவா. ஜப்பான் சரணடைந்த வாரம்வரை நாங்கள் மூவரும் தண்ணீர் சுமந்தோம். எங்களோடு லோரிக்குப் பயந்து திரிந்தவர்களில் சயாம் போனவர்கள் பலர். கிள்ளானிலிருந்து போன என் தம்பியும் அவர்களில் ஒருவன். அவனைப் பற்றி இதுவரை யாரும் எதுவும் எழுதிப் போடவில்லை.

யுத்தம் முடிந்ததும் சாரிடம் நன்றி சொல்லப் போனேன். மனிதர் கையால் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம்யா. எங்கயாச்சும் யாராச்சும் நல்லா மீன் வளத்தா, எனக்காகப் போயி கொஞ்ச நேரம் பாரு. என்னால இனிமே பாக்க முடியாது."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலைதான். நேற்று அவரை எரித்துவிட்டுச் செராஸ் பக்கமாக நடந்து வந்தேன். ஒரு சீனத் தையற்காரர் கடையில் கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே சாதாரணச் சிவப்பு மீன்கள். நின்றேன். "வாங்கப் போறியா?" என்று மலாயில் கேட்டார் அவர். இல்லை என்றேன். "தைக்கத் துணி இருக்கா?" அதுவும் இல்லை. அவர் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தைக்கத் தொடங்கினார். விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்து பார்த்தேன். மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, சார்.