சைபர் போட்டுப் பார்த்தவர்

ஆசிரியர் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வை எழுதிவிட்டு, காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். காலையில் எனக்குப் பின் பெஞ்சில் அதே தேர்வை எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். முறுக்கிய மீசை, காதில் செருகிய பென்சில். எதைச் சொன்னாலும் "அப்டியா?" என்று கண்ணை அகல விரிப்பார். அதில் மயங்கி, வழிநெடுக அவருக்கு நான் தேர்வில் வந்த கணக்குகளை விளக்கினேன்.

"மைனஸ் ரெண்டு எக்ஸ், ஆறைவிட சின்னது. மைனஸ் ரெண்டால வகுத்தா, எக்ஸ் மைனஸ் மூணைவிட சின்னது. அவ்ளோதாண்ணே!"

"அப்டியா? நான் எக்ஸுக்கு சைபர் போட்டுப் பாத்தேன் தம்பி. சைபரு ஆறவிட சின்னதாத்தான கீது? உன் விடையில அதுக்கு எடமே இல்லியே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைனஸால் வகுத்தால் 'சின்னது' என்ற குறியைப் 'பெரியது' என்று திருப்பிப் போட வேண்டும். நான் திருப்பவில்லை.

"மொதல்லியே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"நீ எங்க வுட்ட? நல்லா சொல்லிக்கினு வந்த. கேக்க சொகமா இருந்திச்சி."

தேர்ச்சிப் பட்டியலில் என் பெயர் இல்லை. அவருடையதாவது இருக்கிறதா என்று தேடப் போனேன். அத்தனை தூரம் பேசிக்கொண்டு வந்தவன், அவர் பெயரை மட்டும் கேட்கவே இல்லை.