பேனரில் இருக்கிற பிள்ளை

போட்டோ டச்சப் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும், இந்த ஊரில் யாருக்கும் அவரவர் முகம் வேண்டாம்.

சிவகாசியில் பிரஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பேனர், காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எதை அடித்தாலும் அதில் ஒரு முகம் வேண்டும். முகம் இருந்தால் அதைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு அந்த ஆளாக நான் உட்கார்ந்தேன். கான்வென்ட்டில் படித்தவள், மெனுவில் இருக்கும் இங்கிலீஷ் புரியும், அவ்வளவுதான் என் தகுதி. பொறுமை கிடையாது, அதை அங்கே சொல்லித்தரவில்லை.

குரூப் போட்டோ கைக்கு வந்ததும் மற்ற நாற்பது பேரை விட்டுவிட்டுத் தன் முகத்தை மட்டும் தேடி, ‘ச்சே’ என்று சொல்லிக் கவிழ்த்து வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேரை நான் வெளுத்திருக்கிறேன். அதில் ஒரு பிள்ளைக்குப் படிப்பே நின்றுபோக இருந்தது. அவளைப் பற்றிச் சொல்லத்தான் மற்றவர்களையும் இழுக்கிறேன்.

எல்.கே.ஜி. கார்டு

ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஐ.டி. கார்டு ஆர்டர். “பிள்ளைக பளிச்னு இருக்கட்டும் மேடம்” என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நாற்பத்திரண்டு முகத்தையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஒரு முகத்துக்குச் செய்த வேலையை அப்படியே மற்ற முகங்கள் மேலும் ஓடவிட்டேன். கம்ப்யூட்டர் சொன்னபடி செய்தது. அதே கன்னம், அதே ரோஸ் உதடு, கண்ணுக்குள் அதே வெள்ளைப் புள்ளி.

கார்டு கொடுக்க நானே போனேன். டீச்சர் கார்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, “அவுகவுக கார்ட எடுத்துக்கோங்க” என்றார். எழுத்துக்கூட்டத் தெரியாத வயது. படத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நாற்பத்திரண்டு பேரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். ஒரு கைகூட நீளவில்லை. எல்.கே.ஜி. வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதே இல்லை. பிறகு ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. டீச்சர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எல்லாரும் வந்திருக்காக மேடம், ஒருத்தரையும் கார்டுல காணோம்.”

சடங்கு பேனர்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து பாண்டியம்மா வந்தாள். பட்டாசு கம்பெனியில் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மின்னுகிற கை. கூடவே அவள் தம்பி, அப்புறம் அவள் மகள் தர்ஷினி, எட்டாம் வகுப்பு. பிள்ளை வயசுக்கு வந்ததற்குச் சடங்கு வைத்திருந்தார்கள். பேனர் தாய்மாமன் செலவு, அதனால் தாய்மாமன் அதிகாரம். படத்தைத் தன் போனிலிருந்து அனுப்பிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். “கலரத் தூக்குங்கக்கா. இன்னும். மூக்க ஒடுக்குங்க. அந்த அம்மைத் தழும்ப எடுத்துருங்க. தாடை எதுக்கு அம்புட்டு அகலம்?”

நான் செய்தேன். தர்ஷினி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸ் மூக்குக்குப் போனால் அவள் கையும் அவள் மூக்குக்குப் போனது. தாடைக்குப் போனால் தாடைக்கு. அதை நான் கவனித்தேன். கவனித்தும் நிறுத்தவில்லை, இன்னும் மூன்று பேனர் காத்துக் கிடந்தது. அவசரத்தில் பழைய படத்தின் மேலேயே சேவ் செய்தேன். மிச்சமிருந்த பேப்பரில் அதே முகத்தைப் பாஸ்போர்ட் சைஸில் எட்டு காப்பி போட்டு, ஏதோ பெரிய உபகாரம் மாதிரி பாண்டியம்மா கையில் கொடுத்தேன். மூவரும் படியிறங்கிப் போகும்போது தர்ஷினி தாயைக் கேட்டது மேலே எனக்குக் கேட்டது: “யம்மா, சடங்கு எனக்கா, அவளுக்கா?”

தொந்தி

விருதுநகரில் ஒரு வத்தல் மண்டிக்காரர். சங்கத்து விழா பேனருக்குத் தொந்தியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அதுவே அவருக்குப் பிடித்துப்போய், ஆள் உயரத்துக்கு இன்னொன்று அடித்துச் சாப்பிடுகிற இடத்தில் மாட்டிவிட்டார். இரண்டு மாதம் கழித்து மாடியேறி வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை ஆணியில் தொங்குவதுபோல் தொங்கியது, கண் உள்ளே போயிருந்தது. இரண்டாவது தோசை கேட்டால் அவர் வீட்டம்மா பேசுவதில்லையாம். படத்தைப் பார்த்துக் கையை மட்டும் காட்டுகிறாராம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மண்டிக்காரர் சொன்னார்: “அந்தாளு மாதிரி ஆகுறதுக்குள்ள நான் போயிருவேன் போலருக்கும்மா, அவனுக்குக் கொஞ்சம் சோறு போடுங்க.”

தலையில்லாத பட்டுச்சேலை

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் அவர் மனைவி இறந்துபோனாள். பதினாறாம் நாளுக்குப் பெரிய பிரேம் போட்ட படம் வேண்டும் என்று மகன் வந்து நின்றான். அந்த அம்மாள் ஆயுசுக்கும் எடுத்த ஒரே படம் ஆதார் கார்டில் இருப்பது. நம் எல்லோரையும் போல அவளும் அதில் பிடிபட்ட திருடி மாதிரி முழித்தாள். என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் நிறையத் தலையில்லாத உடம்புகள் உண்டு. பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, மடியில் மடித்து வைத்த கை. எந்தத் தலை வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். அவளை அதில் ஒன்றின் மேல் வைத்து, காட்டு வெயிலில் கறுத்த நிறத்தைக் கழுவி, சுருக்கத்தை இழுத்துவிட்டு அனுப்பினேன்.

சில வாரம் கழித்து அவள் வீட்டுக்காரர் பஸ் ஏறி வந்தார், துண்டில் சுற்றிய பிரேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிரேமைச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்துவிட்டு, அதன் முதுகைப் பார்த்தபடியே, வெட்கப்படுகிறவர் மாதிரி சொன்னார்: “யார் வீட்டுப் பொம்பளையோ தாயி, விடிஞ்சதுலேர்ந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்காக. நான் எப்படி அங்கன உக்காந்து சாப்புடுறது?”

பஸ் பாஸ்

சடங்கு முடிந்து மூன்று மாதம் இருக்கும். பாண்டியம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் படியில் உட்கார்ந்துவிட்டாள். தர்ஷினி பள்ளிக்கூடம் போய் மூன்று வாரம் ஆகிறது. பஸ் பாஸில் ஒட்டியிருந்தது நான் போட்டுக்கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் முகம். புதிதாக வந்த கண்டக்டர் பாஸைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். “இது வேற பிள்ளைல்ல? படத்துல இருக்குறத வரச் சொல்லு” என்றார். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார், பஸ்ஸே சிரித்ததாம். தர்ஷினி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் வாசல் தாண்டவில்லை.

“பேர எடுத்துருவோம்னு டீச்சர் சொல்லி விட்டுட்டாகக்கா. படிக்கலேன்னா வீட்டுல கெடக்கட்டும், ரெண்டு வருசம் போனா கட்டிக் குடுத்துருவோம்ங்கான் எந்தம்பி.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கெஞ்சினாள்: “அந்தப் பிள்ளய நீங்களே வச்சுக்கோங்கக்கா, எம்பிள்ளயத் திருப்பிக் குடுங்க.”

ஆட்டுக்கொட்டகை

மறுநாளே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பெனி வேன்கள் போகிற மண்ரோட்டில் நடந்தேன். வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பேனரைக் கழற்றி ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகச் சரித்துப் போட்டிருந்தார்கள். வெயில் முதலில் சிவப்பையும் மஞ்சளையும் தின்றுவிடும். நான் வெளுத்துக் கொடுத்த முகம் நீலம் பாரித்து, மத்தியான வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே ஆடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன.

தர்ஷினி உள்ளே இருந்தாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. அப்பியிருந்த பவுடர் கழுத்தோடு கோடு கிழித்த மாதிரி நின்றது. கம்பெனியில் வெடிமருந்து இருக்கிற இடத்துக்குப் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் பகலெல்லாம் தாயின் போன் மகள் கையில். முன் கேமராவைத் திறந்து, முகத்தை வெளுத்துக் காட்டுகிற ஃபில்டரைப் போட்டு, கண்ணாடி மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் பக்கம் திரும்பிய விதம் விநோதமாக இருந்தது. நிறைகுடத்தைத் தலையில் வைத்திருப்பவள்போல, மெல்ல, மெல்ல. காரணம் கொஞ்சம் கழித்துத்தான் பிடிபட்டது. வெடுக்கென்று திரும்பினால் ஃபில்டர் ஒரு நொடி பின்தங்கிவிடும். அந்த நொடியில் சொந்த முகம் வெளியே வந்துவிடும். வாசலில் நாய் குரைத்தது. அவள் சட்டென்று திரும்பினாள். திரையில் ஒரு கறுத்த முகம் வந்து போனது. பேயைக் கண்டவள் மாதிரி போனைக் கீழே போட்டாள்.

நான் கான்வென்ட் பாணியில் ஆரம்பித்தேன். கடவுள் கொடுத்த முகம், நிறத்தில் என்ன இருக்கிறது, நீ அழகாகத்தான் இருக்கிறாய். எனக்கே கொட்டாவி வரும் அளவுக்குப் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: “அப்புறம் ஏன் ஆன்ட்டி மாத்துனீக?”

சேவ் செய்யாத மூன்று மணி நேரம்

பிரசங்கத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். உன் பழைய படம் என்னிடம் இல்லை, மேலேயே சேவ் செய்து தொலைத்துவிட்டேன். உன் மாமன் அந்தப் போனையும் மாற்றிவிட்டான். புதிதாகப் படம் எடுக்கவும் நீ முகத்தைக் காட்டமாட்டாய். மாற்றினதைத் திரும்ப மாற்ற வேண்டும், ஆனால் உன் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, நீ வந்து சொல். “ஞாபகமே இல்லையா?” என்றாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. அந்தக் கோபத்தில்தான் சனிக்கிழமை தாயோடு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். “கலர இறக்குங்க. இன்னும்.” மூக்கை அகட்டினேன். “இது எங்க மாமா மூக்கு. எனக்கு இம்புட்டு இல்ல.” தழும்பு எத்தனை என்பது எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. எழுந்து போய்ப் பவுடரைக் கழுவிவிட்டு வந்து, விரலால் தடவி எண்ணிச் சொன்னாள். நடுவில் ஒரு கட்டத்தில் திரையில் இருந்தது இவளும் இல்லை, பேனர்காரியும் இல்லை, மூன்றாவதாக ஒருத்தி. அவளைப் பார்க்கக் கூசிக்கொண்டு இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

முடியப்போகிற நேரத்தில் கரண்ட் போனது. திரை கறுத்தது. அந்த முகம் இருந்த அதே இடத்தில், கறுப்புக் கண்ணாடிக்குள், கழுவின முகத்தோடு தர்ஷினி. அலறப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முன்னால் குனிந்தாள். தலையை வெடுக்கென்று இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள். உள்ளே இருந்தவளும் கூடவே திரும்பினாள், பின்தங்காமல். திரும்பத் திரும்ப அதையே செய்து பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, காலையிலிருந்து நான் ஒரு தடவைகூடச் சேவ் செய்யவில்லை. கான்வென்ட்டில் கற்றுத்தராத வார்த்தை ஒன்றைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே தர்ஷினி சொன்னாள்: “விடுங்க ஆன்ட்டி, எது எங்கன இருக்குன்னு எனக்குத்தான் தெரியுமே.”

இரண்டு ஃபைல்

கரண்ட் வந்து, இரண்டாம் தடவை அரை மணியில் முடிந்தது. அப்புறம் என் போனில், ஃபில்டர் இல்லாமல், ஒரு படம் எடுக்க விட்டாள். சிரிக்கவில்லை, பஸ் பாஸுக்குச் சிரிப்பு எதற்கு? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். புதன்கிழமை போகவில்லை. வியாழக்கிழமை போனாள். இது ஒரே வாரத்தில் தீர்கிற சீக்கு இல்லை, எனக்கே இந்த வயதிலும் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவள் பேரை எடுக்கவில்லை, இப்போது ஒன்பதாம் வகுப்பு.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் கிளம்புமுன் நடந்ததைத்தான் இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு முகமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வெளுத்த ஃபைலின் மேல் கொண்டுபோய் மவுஸை நிறுத்தினேன். “அழிங்கக்கா அந்தச் சனியன” என்றாள் பாண்டியம்மா. தர்ஷினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கழுவின ஈரம் காய்ந்தும் விரல் சில்லென்று இருந்தது. திரையில் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, தங்கச்சியைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள்: “வேணாம் ஆன்ட்டி, பாவம். அவளுக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல.”

அன்றிலிருந்து யார் படத்தைக் கொண்டுவந்தாலும் ‘உங்க முகத்துல நான் தொடக் கூடாதது எதுன்னு முதல்ல சொல்லுங்க’ என்று கேட்கிறேன், பாதிப் பேர் பதிலை யோசித்தபடியே படியிறங்கி வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.