கேட்காமல் சொன்னது

நான் எட்டாவது தாண்டவில்லை. அவள் பி.காம். எங்கள் இருவருக்குமே அது ஒரு பொருட்டில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். திருப்பூர், சூரத், மங்களூர் என்று சுற்றிவிட்டுத் திருவனந்தபுரம் வந்தபோது, சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தத் துணிக்கடையில் மூட்டை பிரித்து அடுக்கினேன். அவள் அங்கே பில் போட்டாள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், படித்ததெல்லாம் மலையாளத்தில். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அதற்குப் பிறகு அவளுக்குக் கிழக்கேகோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது. நான் விழிஞ்ஞம் துறைமுகத்தில் லாஷிங் வேலைக்குப் போனேன். கப்பலில் கண்டெய்னர் பெட்டிகளைப் பிணைத்திருக்கும் இரும்புக் கம்பிகளைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் அது.

எங்களுக்குள் நீ, வா, போதான். ஒருநாள் நான் சமைத்தால் மறுநாள் அவள். மலையாளத்தில் பேசவேண்டிய இடங்களில் அவள் பேசுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

ஸ்ரீவராகத்தில் வீடு கேட்கப் போன அன்று பேச்செல்லாம் தமிழில்தான். பழக்கதோஷம், அன்றும் சும்மாதான் நின்றேன். வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். பின்கட்டில் இரண்டு அறை.

"மீன், முட்டை வாசனை வரப்படாது, கேட்டியா? உங்காத்துக்காரர் என்ன பண்றார்?"

"விழிஞ்ஞம் போர்ட்டுல சூப்பர்வைசர், மாமி" என்றாள். தயங்கவே இல்லை.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "எதுக்குடி சூப்பர்வைசர்?"

"இந்த மாதிரி வீடு வேற எங்க கெடைக்கும்? ஆபீசுக்கு நடந்தே போலாம். ஒரு வார்த்தைதானே, விடு."

"கேப்டன்னே சொல்லியிருக்கலாம்ல?"

"உன் மூஞ்சிக்கு அது அதிகம்."

இருவரும் சிரித்தோம்.

அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து மாதம் வேஷம் கட்டினேன். தேய்த்த சட்டையோடு தெருவைத் தாண்டுவேன். விழிஞ்ஞத்தில் பஸ் இறங்கி, ஒரு டீக்கடைக்குப் பின்னால் வேலை உடுப்புக்கு மாறுவேன். சாயங்காலம் கிரீசைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடியும் சட்டை. கூட வேலை பார்த்தவர்கள், "சாரே, ஆபீஸ் விட்டோ?" என்று கிண்டல் செய்வார்கள். ஒருமுறை கம்பி விழுந்து விரல் நசுங்கிவிட்டது. கட்டுப்போட்ட கையைப் பார்த்து மாமி பதறினார். "பஸ் கதவுல மாட்டிட்டு, மாமி" என்று அவளே பதில் சொன்னாள். வலி என்னுடையது, அது எப்படி வந்ததென்று சொல்லக்கூட எனக்கு இடமில்லை. வீட்டுக்காக மட்டும்தானா இந்தப் பொய் என்று அன்றுதான் முதலில் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

ஒரு ஞாயிறு காலை மாமி பின்கட்டுக்கு வந்தார். அவர் அண்ணா பிள்ளை டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறாராம். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போறும்" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி நின்றார்.

"அவரு சொல்லிப் பாப்பாரு, மாமி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"மாமி, நான் சூப்பர்வைசர் இல்ல. கம்பி கழத்துற ஆளு. நான் சொன்னா அங்க ஒருத்தரும் கேக்கமாட்டாங்க" என்றேன்.

மாமி அவளைத்தான் பார்த்தார். "அதுக்கென்னடிம்மா, உழைச்சுத்தானே சாப்பிடறார்? எங்கிட்ட எதுக்குப் பொய்?"

கோபம்கூட இல்லை. காலி செய்யச் சொல்லவும் இல்லை. திரும்பிப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

அன்று அவள் சமையல் முறை. கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீ சொல்லும்போது என்னக் கேட்டியா?"

"கேக்கல்ல."

"அப்ப சரிக்குச் சரி."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "தெனமும் அந்த மாமி மொகத்துல முழிக்கப் போறது நான். உனக்கு மனசு லேசாயிட்டு, இல்லியா?"

லேசாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். "உங்க ஆபீஸ்ல நான் யாரு?"

அவள் நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டாள். பிறகு சொன்னாள். "சூப்பர்வைசர். இந்த வீடு பாக்கதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

அடுப்பில் அரிசி பொங்கி வழிந்தது. நான் எழுந்து தீயைக் குறைத்தேன்.

"உன்மேல உள்ள இஷ்டம் பொய்யில்ல, கேட்டியா?" என்றாள்.

அதை நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் என் காலைப் பிடித்துவிட்டவள். ஆனால் அந்த இஷ்டத்தை நாலு பேர் முன்னால் எடுத்து வைக்க அவளுக்கு வேறொரு ஆள் தேவைப்பட்டான். அந்த ஆளோடு போட்டி போட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதமே, கொச்சியில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினேன். வேலை இருந்தது உண்மைதான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தாள். போகாதே என்று சொல்வாளோ என்று பார்த்தேன். நீயும் வா என்று கூப்பிடுவேனோ என்று அவளும் பார்த்திருக்கலாம். பஸ் கிளம்பும்வரை, மழை எப்போது விடும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.